கூண்டுக்குள் என் தொண்டை

மரக்கறி லொறி பியதிஸ்ஸ
போஞ்சிக்குத் தரவேண்டிய மூவாயிரத்துக்குப் பதிலாக
வெல்லவாயப் பக்கமிருந்து கொண்டுவந்து
இறக்கிவிட்டுப் போனான் இதை.
இறக்கையில் பாதி வெட்டியிருந்தது.
கழுத்தில் வளையம்கூட இன்னும் விழவில்லை.

முதல் கிழமை முழுக்க நடுங்கியது.
ஹப்புத்தளைப் பனிக்கு
பள்ளத்துப் பறவை என்ன செய்யும்?
கொழுந்தெடுக்கும்போது தலையில் போடும் கம்பளியைக்
கூண்டுக்கு விட்டுக்கொடுத்து
நான் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன்.

ஒரு காம்பரா. ஒரு இஸ்தோப்பு.
அதற்குள் நிரோஷிகா, பவி,
ரோஸி என்கிற நாய், சூட்டி என்கிற பூனை,
மழைக்கு உள்ளே வந்துவிடும் அடுத்த வீட்டுக் கோழிகள்.
இதில் எங்கே தொங்கவிடுவது?
அடுப்புப் பக்கம் புகை.
ஜன்னல் பக்கம் காற்று.
தரையில் சூட்டி,
கண்ணைப் பாதி மூடித்
தூங்குவதாக நடித்துக்கொண்டு.
கடைசியில் அவர் சட்டை தொங்கிய ஆணிதான் கிடைத்தது.
அவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார்;
சட்டைக்கு இப்போது ஆணி தேவையில்லை.

மூன்றாம் நாள் நிரோஷிகா விரலை நீட்டினாள்.
ஒரு கிழமை பள்ளிக்கூடத்தில்
இடது கையால் எழுதினாள்.
சூட்டிக்கும் மூக்கில் ஒன்று விழுந்தது.
அதன் பிறகு
கூண்டுக்குக் கீழே ஒரு முழம்
யாருக்கும் சொந்தமில்லை என்றானது.
ரோஸி மட்டும் அங்கேயே படுத்தது,
மேலிருந்து விழும் பருக்கைக்காக.

பிறகு பேச ஆரம்பித்தது.
பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த எதுவும் இல்லை.
முதலில் சந்தனமேரி அக்காவின் இருமல்.
அடுத்து, "பதினெட்டு வரலையா, அரைப்பேர்தான்."
தராசடியில் கணக்கப்பிள்ளை சொன்னதை
நான் வீட்டுக்கு வந்து சொல்லி அழுததை
அப்படியே, அழுகையை மட்டும் விட்டுவிட்டு.
சிரித்தோம். லயமே சிரித்தது.

அப்புறம் ஒரு நாள்
பீலிக்கரையில் சந்தனமேரி அக்கா கேட்டாள்:
"நேத்து பத்து மணிக்கே மலையிலருந்து வந்துட்டியா?
லீவுக்கு வீட்ல நிக்கிற புள்ளயப் போட்டு
அந்த ஏச்சு ஏசுன?"
நேற்று பத்து மணிக்கு நான்
ஆறாம் நம்பர் மலையில்
அட்டை கடித்த காலோடு நின்றிருந்தேன்.

"செத்துத் தொலையேன், சனியனே."
என் குரல். என் இழுப்பு.
கடைசி எழுத்தில் மூச்சுத் தீர்ந்துபோகும் இடம்கூட.
ரோஸி வாலைக் காலுக்கிடையே சொருகியதாம்.
பவி பிளேன்டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பி நின்றானாம்,
நான் இருந்தால் நிற்பானே, அப்படி.

இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்?
கிளி ஒரு தரம் கேட்டுப் படிக்காது.

அன்றைக்கே கொண்டுபோய் விடத்தான் நினைத்தேன்.
எங்கே விட? வெட்டிய இறக்கையை,
காட்டுப்பூனை திரியும் தேயிலைத் தூருக்குள்ளா?
கம்பளியால் மூடினேன்.
கம்பளிக்குள்ளிருந்தும் நான் ஏசினேன்.

ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.
கோபம் வந்தால் பீலிக்குப் போய்
கழுவின வாளியையே கழுவினேன்.
கிளி விடவில்லை.
படித்ததை மறக்கிற சாதி இல்லை அது.

மழை கொட்டி, பகலோடு வேலை நிறுத்திய நாள்.
இஸ்தோப்பில் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது
உள்ளே ஒரு பொம்பளைக் குரல், கட்டைத் தொண்டையில்:
"சாப்புட்டியா ராசா? சாப்புட்டியா ராசா?"
எட்டிப் பார்த்தேன்.
பவி.
முக்காலியில் ஏறி நின்று,
தலையில் என் பழைய சீலைத் துண்டைப் போட்டு,
கூண்டுக்குள் ஒரு கொச்சிக்காயை நீட்டி,
நானாகிப் பேசிக்கொண்டிருந்தான்.
சூட்டியும் ரோஸியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து
பாடம் கேட்டன.

கிளி கொச்சிக்காயைத் தின்றது.
தலையைச் சரித்து அவனைப் பார்த்தது.
"பதினெட்டு," என்றது.

"இல்ல," என்றான் பவி. "திரும்ப."

நான் உள்ளே போகவில்லை.
படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தேன்,
அந்த ராசாவை
எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்று.